736 பிள்ளைகளும் என் மகளும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. என் மகளைப் பற்றியும் வருவதால் அவளுக்குப் படிச்சுக் காட்டி, அனுமதி வாங்கித்தான் போடுகிறேன். அவளுக்குத் தமிழ் புரியும், வாசிக்க வராது. நான் வாசிக்க வாசிக்க ரெண்டு பத்தியை எடுக்கச் சொன்னாள். எடுத்துட்டேன். அதில் என்ன இருந்ததுன்னு யாரும் கேட்காதீங்க.

மகளுக்குப் பதிமூணு வயசானப்போ போன் வாங்கிக் கொடுத்தோம். அன்னிக்கு ராத்திரியே, அவள் தூங்கினதும், அந்தப் போனில் ஒரு காவல்கார ஆப் ஏற்றினேன். மாசாமாசம் காசு. அவள் எங்கே இருக்கிறாள், எந்தத் தளத்துக்குப் போகிறாள், யாருக்கு என்ன எழுதுகிறாள் என்று எல்லாவற்றையும் எனக்குச் சொல்லும். 'ஆபத்தான' வார்த்தை எதையாவது தட்டினால் என் போனில் மணி அடிக்கும். ராத்திரி பத்து மணிக்கு அவள் போன் தானாகத் தூங்கிவிடும். நான் பொட்டி தட்டுகிற ஆசாமி, பதினெட்டு வருஷமா டேட்டாபேஸோடு குப்பை கொட்டுகிறவன். ஒரு கணினிப் பிரச்சினையைக் கணினியாலேயே தீர்த்துட்டோம்னு அன்னிக்கு எனக்கு ஒரே பெருமை.

முதல் மாசம் பதினோரு முறை மணி அடித்தது. கணக்குப் பரீட்சையில் 'செத்தேன்' என்று தோழிக்கு எழுதியதற்கு ஒன்று. உயிரியல் வீட்டுப்பாடத்துக்கு நாலு. கோயமுத்தூரில் இருக்கும் என் அக்கா பொண்ணோடு அவள் ஆங்கில எழுத்தில் தமிழ் பேசுவதை அந்த ஆப்பால் படிக்கவே முடியவில்லை. அதை நான் அப்போது ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை.

அங்கேதான் எல்லாம் நடந்திருக்கிறது.

படம் வரைகிற பிள்ளைகள் கூடும் ஒரு தளத்தில் யாரோ ஒருத்தன். தனக்குப் பத்தொன்பது வயசு என்று சொல்லியிருக்கிறான். மூணு வாரம் அவள் படங்களைப் பாராட்டினான், பிறகு அவளுடைய போட்டோ கேட்டான், பிறகு வேற மாதிரி போட்டோ கேட்டான். அவள் அவனை ப்ளாக் செய்துவிட்டு, நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்து, கோயமுத்தூர் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் வீட்டு ஐபாடில் நடந்தது. ஆப் இருந்தது போனில். எனக்கு இது தெரிய வந்தது ஏழு மாசம் கழித்து, ஊருக்குப் போயிருந்தபோது, அக்கா பொண்ணு வாய் தவறிச் சொல்லித்தான். ஆப் வைத்தேன் ஆப் வைத்தேன் என்று இருந்தவனுக்கு அன்னிக்குத்தான் தெரிந்தது, ஆப்பு எனக்கே என்று.

ஏன் என்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது. "சொன்னா நீ கத்துவே. அப்புறம் டிராயிங்கையும் எடுத்துடுவே."

ரெண்டும் நூறு சதவீதம் உண்மை. நிச்சயம் கத்தியிருப்பேன். நிச்சயம் எடுத்திருப்பேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இந்த விஷயத்தில் போலீஸ்காரர்கள் எழுதுவார்கள், மனநல மருத்துவர்கள் எழுதுவார்கள், ஆப் விற்பவர்கள் நிறையவே எழுதுவார்கள். நான் எதிர்பார்க்காதது, என் துறைக்காரர் ஒருவர், ஒரு கணினித் துறை ஆராய்ச்சியாளர், இதையே முழுநேர வேலையாகச் செய்து வந்திருக்கிறார் என்பது. பமேலா விஸ்நியூஸ்கி. 2012-ல் முனைவர் பட்டம் வாங்கி, பென் ஸ்டேட்டில் ஆராய்ச்சி செய்து, பிறகு நாங்கள் இருக்கும் ஃப்ளோரிடாவிலேயே சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2022-ல் வாண்டர்பில்ட் போனவர். இளைஞர் நலம் பற்றி ஆராய்பவர்களுக்கு வில்லியம் டி. கிராண்ட் அறக்கட்டளை கொடுக்கும் உதவித்தொகை ஒன்று உண்டு. அதை வாங்கிய முதல் கணினி விஞ்ஞானி அவர்தான். எங்க வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் இந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்திருக்கிறது, நான் கிரெடிட் கார்டு நம்பரை அந்த ஆப்காரனுக்குத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவருடைய குழு 2017-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஒரு எளிமையான வேலை செய்தார்கள். ஆண்ட்ராய்டில் கிடைக்கும் 75 'பிள்ளைகள் பாதுகாப்பு' ஆப்களை எடுத்து, ஒவ்வொன்றும் என்னென்ன வசதி தருகிறது என்று பட்டியல் போட்டு வகை பிரித்தார்கள். வசதிகளில் 89 சதவீதம் பெற்றோர் கையில் இருக்கும் கட்டுப்பாடு. பெரும்பாலும் ரெண்டே ரெண்டு வேலை: பார்ப்பது, தடுப்பது. பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள உதவும் வசதி மிச்சமிருந்த கொஞ்சம். பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசிக்கொள்ள உதவுவது ஒரு சதவீதம்கூட இல்லை.

இந்த எண்ணைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. காசு கொடுப்பவன் யாரோ அவனுக்காகத்தானே மென்பொருள் எழுதுவோம்? பிள்ளை காசு கொடுப்பதில்லை. ஆக அந்த ஆப்பின் வாடிக்கையாளர் நான், என் பயம்தான் அங்கே சரக்கு. என் மகள் அதில் வெறும் டேட்டா.

அடுத்த வருஷமே, 2018-ல், அதே குழு இன்னொரு வேலை செய்தது. தலைப்பில் சொன்ன 736 இங்கேதான் வருகிறது. கூகுள் ப்ளே கடையில் 37 பாதுகாப்பு ஆப்களுக்குக் கீழே பிள்ளைகளே எழுதிய விமர்சனங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். எட்டு வயசிலிருந்து பத்தொன்பது வரை. மொத்தம் 736. அதில் 76 சதவீதம் பேர் கொடுத்தது ஒரே ஒரு நட்சத்திரம். பூஜ்யம் கொடுக்க முடியாது என்பதால் ஒன்று என்று நினைக்கிறேன் :-)

சும்மா விளையாட விடவில்லை என்ற கோபம் இல்லை அது. ஆப் ரொம்பக் கட்டுப்படுத்துகிறது, அந்தரங்கத்தில் நுழைகிறது, அதைவிட முக்கியமாக, எனக்கும் அம்மா அப்பாவுக்கும் நடுவில் இருந்ததைக் கெடுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்த ராத்திரி, என் ஆப்பின் பக்கத்துக்குப் போய், கீழே வந்திருந்த விமர்சனங்களைத் தேடினேன். அவள் எழுதியிருப்பாளோ என்று ஒரு சந்தேகம். எழுதவில்லை. எழுதியிருந்தால்கூட நல்லா இருந்திருக்கும் போல.

இங்கே ஒரு நியாயமும் சொல்லிடணும். விமர்சனம் எழுதுவதே கோபம் வந்தவன்தான். ஹோட்டலில் இட்லி நல்லா இருந்தால் யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள்? ஆனால் இதே ஆப்களுக்குப் பெற்றோர் கொடுத்த மதிப்பெண்ணோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், இடைவெளி பெரிசு. இன்னொரு ஆய்வில் 215 பெற்றோர்-பிள்ளை ஜோடிகளிடம் கேட்டார்கள். இந்த மாதிரி ஆப் வைத்திருக்கும் வீடுகளில் பிள்ளைகள் சந்தித்த இணையத் தொல்லைகள் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தன. ஆப்பால்தான் தொல்லை வந்தது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. தொல்லை வந்த வீட்டில்தான் ஆப் வாங்கியிருப்பார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் 'இதைப் போட்டால் பிள்ளை பத்திரம்' என்று விளம்பரம் செய்பவன் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கணுமா இல்லையா?

எனக்கு ரொம்பப் பிடித்தது நாட்குறிப்பு ஆய்வு. 68 ஜோடி, பதிமூணிலிருந்து பதினேழு வயசுப் பிள்ளை ஒன்று, பெற்றோர் ஒருவர். ரெண்டு மாசம், வாராவாரம், ரெண்டு பேரும் தனித்தனியாக எழுதணும்: இந்த வாரம் இணையத்தில் என்ன நடந்தது? வழக்கமாக இந்த மாதிரி ஆராய்ச்சி எல்லாம், போன வருஷம் இப்படி எத்தனை முறை நடந்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போய்விடும். போன வருஷம் நான் என்ன சாப்பிட்டேன் என்றே எனக்கு நினைவில்லை. வாராவாரம் எழுதச் சொன்னால் கதையே வேறு. நாம் நடுங்கிப் போகிற பல விஷயங்கள் பிள்ளைகளுக்கு மழை மாதிரி, வெயில் மாதிரி, அன்றாடம். நிறைய விஷயத்தை அவர்களே சமாளிக்கிறார்கள். பெரும்பாலானதைப் பெற்றோரிடம் சொல்வதில்லை. ஏன் சொல்லலைன்னு கேட்டால், அவங்க பெரிசுபடுத்துவாங்க, தப்பாப் புரிஞ்சுப்பாங்க, தண்டிப்பாங்க. இந்த ஆய்வைப் பற்றிய ஒரு கட்டுரையின் தலைப்பே 'பெற்றோருக்குப் புரியாது' என்கிற பொருளில் இருக்கும். என் மகள் ஒரே வரியில் சொன்னதை அவர்கள் 68 வீட்டில் கேட்டு எழுதியிருந்தார்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு சுலபமான பதிவு. ஆப்பைத் தூக்கிப் போடுங்க, பிள்ளையோடு பேசுங்க, வணக்கம். ஆனால் எதிர் வீடு என்று ஒன்று இருக்கிறதே.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு தம்பதி. அந்தம்மா பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் 'ஃபாஸ்டர்' பெற்றோர். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே வீட்டில் அடி, போதை, பட்டினி என்று ஒரு பிள்ளைக்கு ஆபத்து வந்தால், கோர்ட்டு மூலம் அரசாங்கம் அந்தப் பிள்ளையை எடுத்து, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் தற்காலிகமாக வைக்கும். செலவுக்குப் பணம் கொடுக்கும். தத்து இல்லை. எப்போது வேண்டுமானாலும் பிள்ளை அம்மாவிடம் திரும்பலாம், அல்லது வேறு வீட்டுக்குப் போகலாம். பல பிள்ளைகள் மூணு வீடு, நாலு வீடு மாறுவார்கள்.

எதிர் வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்தாள். பதினஞ்சு வயசு. என் மகளோடு ஒரே பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போவாள். அந்தம்மா முதல் வாரத்திலேயே அவள் போனை வாங்கி அடுக்களை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். கொடுமைக்காரி இல்லை, தங்கமான மனுஷி. அதற்கு முன்னால் அவர் வீட்டில் இருந்த இன்னொரு பொண்ணுக்கு போன் மூலமாக வந்த ஒருத்தனால் நடந்தது என்ன என்று தங்கமணியிடம் அழுதுகொண்டே சொன்னாராம். அதை இங்கே எழுத மாட்டேன்.

விஸ்நியூஸ்கியின் மாணவி கார்லா பாடியோ-உர்கியோலா முன்னின்று செய்து 2019-ல் வெளிவந்த ஆய்வு இந்த வீடுகளைப் பற்றித்தான். 29 ஃபாஸ்டர் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்ட டீன் ஏஜ் பிள்ளைகள் 42 பேர். பெற்றோர் சொன்ன கணக்குப்படி அதில் பாதிக்கு மேல் ஆபத்தான ஆட்களோடு இணையத்தில் சிக்கியிருக்கிறார்கள். பலாத்காரம், பாலியல் தொழிலுக்குக் கடத்தல் வரை போயிருக்கிறது. 42-ல் பாதிக்கு மேல். என் மகளின் ஓவியத் தளத்துக்காரனை வைத்து இதை அளக்க முடியாது. அந்தப் பெற்றோர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கடைசியில் பெரும்பாலும் செய்தது, எதிர் வீட்டம்மா செய்ததுதான். பிடுங்கி வைப்பது.

இதைப் படித்தபோது நான் மறுபடி கட்சி மாறினேன். பூட்டினால் பூட்டட்டும், உயிர் பெரிசு.

ஆனால் நடந்தது என்ன? அந்தப் பொண்ணு எங்கிருந்தோ ஒரு உடைஞ்ச போன் சம்பாதித்துவிட்டாள். சிம் கிடையாது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து பர்கர் கடையில் ஓசி வைஃபை. சாயங்காலம் அங்கே வாசலில் நின்றுகொண்டிருப்பாள், நானே காரில் போகும்போது பார்த்திருக்கிறேன். என் மகளிடம் ஒருநாள் விசாரித்தேன், அங்கே நின்று யாரோடு பேசுகிறாள் என்று. நான் நினைத்தது வேறு. அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், ஒன்பது வயசு. அவனை வேறு ஊரில் வேறு வீட்டில் வைத்திருக்கிறார்கள். அவன் ஒரு விளையாட்டுக்குள்ளே ஆறு மணிக்கு வருவான். அதற்குள்ளேதான் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள்.

வீடு மாறிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு அந்தப் போன்தான் நிலையான விலாசம். அம்மா, தம்பி, பழைய ஸ்கூல் தோழி, எல்லாம் அதற்குள்தான். ஆபத்து வருகிற வழியும் அதுவே. நம் வீட்டுப் பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்கினால் அதற்கு ஒரு பொழுதுபோக்கு போகும். அந்தப் பொண்ணிடமிருந்து பிடுங்கினால் குடும்பமே போகும். 2014-ல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டத்தில், ஃபாஸ்டர் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளைப் போல் சாதாரணமாக வாழணும், விவேகமுள்ள பெற்றோர் என்ன முடிவெடுப்பார்களோ அதை வளர்ப்பவர்கள் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் போன் விஷயத்தில் அந்த விவேகமுள்ள பெற்றோர் யார், எங்கே இருக்கிறார்? சொந்தப் பிள்ளைக்கே திணறுகிற என்னை மாதிரி ஆட்களைப் பார்த்தா எழுதினார்கள்?

இந்த விஷயம் புதுசா கண்டுபிடித்ததும் இல்லை. 2008-லேயே ஃபின்கல்ஹார், வோலாக் முதலிய சமூகவியல்காரர்கள் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து எழுதினார்கள்: இணையத்தில் பிள்ளைகளைத் தேடி வருகிறவன் பெரும்பாலும் சின்னப் பையன் வேஷம் போட்டு ஏமாற்றுவதில்லை. தான் பெரியவன் என்பதையும் மறைப்பதில்லை, தனக்கு வேண்டியது என்ன என்பதையும் மறைப்பதில்லை. ஏற்கனவே அடிபட்ட, அன்புக்கு ஏங்குகிற பிள்ளையிடம் அன்பு காட்டுகிறான். அதே வருஷக் கடைசியில், 49 மாநில அரசு வழக்கறிஞர்களும் மைஸ்பேஸும் சேர்ந்து போட்ட ஒரு குழு அறிக்கை கொடுத்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் டானா பாய்ட். (தன் பெயரை எப்போதும் சின்ன எழுத்தில்தான் எழுதுவார். தமிழில் அந்தத் தொந்தரவு நமக்கு இல்லை.) இணையத்தில் அதிக ஆபத்தில் இருக்கும் பிள்ளைகள், வெளியிலும் ஏற்கனவே ஆபத்தில் இருக்கும் பிள்ளைகள்தான், அந்நியனைவிடச் சக வயசுப் பிள்ளைகள் செய்யும் கொடுமைதான் அதிகம் என்றது அறிக்கை. வழக்கறிஞர்களில் சிலருக்கு இது பிடிக்கவே இல்லை. வேறு பதில் எதிர்பார்த்திருந்தார்கள் போலிருக்கிறது.

சரி, கணினிக்காரன் இதில் என்ன கிழிக்க முடியும்? இதுதான் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கோங்க.

ஆபத்தான உரையாடலை இயந்திரத்தைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று ரொம்ப நாளாகவே முயற்சி நடக்கிறது. இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்க உதாரணங்கள் வேணும். எங்கே கிடைக்கும்? பல ஆராய்ச்சிகள் எடுத்துக்கொண்டது 'பெர்வெர்டட் ஜஸ்டிஸ்' என்ற தளத்தில் கிடந்த உரையாடல்களை. அந்தத் தளத்துக்காரர்கள் பிள்ளைகள் மாதிரி நடித்து ஆட்களைப் பொறி வைத்துப் பிடித்தவர்கள். 2012-ல் நடந்த ஒரு பெரிய போட்டிக்கே அதைத்தான் பயன்படுத்தினார்கள். யோசிச்சுப் பாருங்க, பிள்ளை மாதிரி நடிக்கிற பெரியவனின் பேச்சைப் படித்துவிட்டு, நிஜப் பிள்ளைக்கு எது ஆபத்து என்று இயந்திரம் சொல்லணும். அந்த மொத்தக் குவியலில் ஒரு பிள்ளைகூட இல்லை!

விஸ்நியூஸ்கி, அஃப்சானே ராஸி, ஜார்ஜியா டெக்கின் முன்முன் டி சவுத்ரி முதலியோர் சேர்ந்து செய்தது வேற வழி. 13-லிருந்து 21 வயசு வரை உள்ளவர்களிடம், அவர்களுடைய இன்ஸ்டாகிராம் கோப்பை அவர்களையே இறக்கித் தரச் சொன்னார்கள். பிறகு அவர்களே தங்களுடைய தனிச் செய்திகளை உட்கார்ந்து படித்து, எது தன்னைச் சங்கடப்படுத்தியது, எது பயமுறுத்தியது என்று அடையாளம் வைக்கணும். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அது பெரிய மாற்றம். எது ஆபத்து என்று முடிவு செய்வது அப்பா இல்லை, ஆப்காரன் இல்லை, சம்பளத்துக்கு உட்கார்ந்து குறி போடுகிறவனும் இல்லை. பட்டவள் சொல்கிறாள். என் ஆப்பின் வார்த்தைப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். 'செத்தேன்' என்றால் மணி அடிக்கும். 'உன் கோடு எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா' என்று ஒருத்தன் மூணு வாரம் தினமும் எழுதினால் அடிக்காது. எது அடிக்கணும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்றும் செய்தார்கள். செய்திக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், உரையாடல் எவ்வளவு நீளம், இவள் எந்த அளவுக்குப் பதில் சொல்கிறாள் என்ற வெளிக் கணக்கை மட்டும் வைத்தே ஓரளவு மோப்பம் பிடிக்க முடியுமா என்று. முடிகிறது என்கிறார்கள். செய்திகளையெல்லாம் பூட்டுப் போட்டு அனுப்புகிற காலத்தில் இது பெரிய விஷயம். பிள்ளையின் பாதுகாப்புக்காக எல்லார் கடிதத்தையும் பிரித்துப் படிக்கணும் என்று வாதாடுபவர்களுக்கு ஒரு நல்ல பதில்.

எனக்கு இதில் குறையே தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு பொண்ணு தன் பெட்டியைத் திறந்து கொடுக்கிறாள் என்றால், அந்தப் பெட்டியில் அவளுக்கு எழுதிய தோழிகளின் ரகசியமும் இருக்கிறது. அவர்களை யாரும் கேட்கவில்லை. இந்தக் கேள்விக்கு எனக்கு முழு திருப்தியான பதில் எங்கேயும் கிடைக்கவில்லை. இன்னொன்று, பிள்ளைகளுக்குத் 'தாங்கும் சக்தி' வளர்க்கணும், அவர்களே தங்களைப் பார்த்துக்கொள்ளப் பழகணும் என்று இவர்கள் சொல்வது. சரிதான். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டால் கம்பெனிக்காரன் கைகொட்டிச் சிரிப்பான். தெருவில் விளக்குப் போட வேண்டியவன் போடாமல், இருட்டில் நடக்கப் பழகிக்கோ என்று பிள்ளைக்கு வகுப்பு எடுக்கலாமே! முன்பின் தெரியாத ஒரு பெரிய ஆள் பதிமூணு வயசுப் பிள்ளைக்கு நேராகச் செய்தி அனுப்ப ஒரு பட்டன் இருந்ததே, அதை வைத்தது யார்? அந்தப் பட்டனைப் பற்றித்தான் முதலில் பேசணும் என்பது என் கட்சி.

கம்பெனிகள் திருந்தவே மாட்டார்கள் என்றும் இல்லை. 2021 ஆகஸ்டில் ஆப்பிள் ஒரு வசதி அறிவித்தது. பிள்ளையின் போனுக்கு நிர்வாணப் படம் வந்தால் மங்கலாக்கிக் காட்டும், எச்சரிக்கும். பதிமூணு வயசுக்குக் கீழே என்றால், மீறிப் பார்த்தால் பெற்றோருக்குத் தகவல் போகும். உடனே எதிர்ப்பு. எல்லா வீட்டிலும் பெற்றோர் நல்லவர்கள் என்று யார் சொன்னது? தன் பையன் ஆண்களை விரும்புகிறான் என்று இப்படித் தெரிந்துகொண்டால் வீட்டை விட்டுத் துரத்துகிற அப்பாக்கள் இருக்கிறார்களே? அந்த டிசம்பரில் வசதி வெளிவந்தபோது பெற்றோருக்குத் தகவல் போகும் பகுதியை எடுத்துவிட்டார்கள். மங்கலாக்குவது இருந்தது, யாரிடமாவது சொல்லணுமா என்று பிள்ளையிடம் கேட்பது இருந்தது. அது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கமணி ஒத்துக்கொள்ளவில்லை. பத்து வயசுப் பிள்ளைக்கு வந்தால் எனக்குத் தெரியணும்னாள். அதிலும் நியாயம் இருக்கு.

சட்டம் போடுபவர்களுக்கு இத்தனை குழப்பம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-லிருந்து பதினாறு வயசுக்குக் கீழே சமூக வலைத்தளக் கணக்கே கூடாது. இந்தியாவில் 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வரைக்கும் குழந்தை. பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ சம்மதிக்கணும், அந்தச் சம்மதம் சரிபார்க்கக் கூடியதாக இருக்கணும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான பகுதிகளுக்கு 18 மாசம் அவகாசம். எல்லா வீட்டிலும் ஒரு விவேகமுள்ள அப்பா உட்கார்ந்து கையெழுத்துப் போடக் காத்திருக்கிறார் என்கிற நம்பிக்கை. எதிர் வீட்டுப் பொண்ணு மாதிரி, ஆசிரமத்தில் வளரும் பிள்ளை மாதிரி, அப்பாதான் பிரச்சினையே என்கிற பிள்ளை மாதிரி இருப்பவர்களுக்குக் கையெழுத்து யார் போடுவார்? அதிகம் காப்பாற்ற வேண்டியவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறோம். பிறகு அவர்கள் பர்கர் கடை வாசலில் நிற்பார்கள்.

தவிர, அமெரிக்கச் சட்டத்தின் பதிமூணு வயசு வரம்பு எப்படி நடந்தது என்று நமக்குத் தெரியாதா? டானா பாய்டும் சிலரும் 2011-லேயே எழுதிவிட்டார்கள், பிள்ளை ஃபேஸ்புக்கில் சேரப் பெற்றோரே கூட உட்கார்ந்து வயசைப் பொய்யாகப் போட உதவுகிறார்கள் என்று. எனக்கு அதில் புதுசா எதுவும் இல்லை. மகளின் ஓவியத் தளத்துக் கணக்கைத் திறந்து கொடுத்ததே நான்தான். பிறந்த வருஷம் 1990 என்று போட்டேன்.

ஆப்பை எடுத்தாச்சு. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கண்ணெதிரே எடுத்தேன். அது இருந்ததே அவளுக்கு முதல் வாரத்திலிருந்து தெரியுமாம்! பத்து மணி விதி மட்டும் இருக்கிறது, அதுவும் இப்போது எல்லோருக்கும். பத்து மணிக்கு மூணு போனும் ஹாலில் ஒரு கூடையில். இதில் ரொம்ப அவஸ்தைப்படுவது நான்தான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எதிர் வீட்டுப் பொண்ணு ஏப்ரலில் வேறு கவுண்டிக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். போவதற்கு முந்தின வாரம் அந்தம்மா இழுப்பறையைத் திறந்து போனைக் கொடுத்தார். தன் நம்பரை அதில் தானே ஏற்றியும் கொடுத்தாராம். அன்னையர் தினத்துக்கு ஒரு செய்தி வந்தது என்று சொன்னார். அப்புறம் ஒன்றும் இல்லை.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள். "அப்பா, ஒண்ணு காட்டறேன். கத்தாம பாரு." ஈரக்கையோடு பார்த்தேன். யாரோ அனுப்பியது. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. கத்தவில்லை. ஒரு தட்டை மறுபடி ஒருமுறை கழுவினேன், ஏற்கனவே கழுவினதுதான். என்ன பண்ணலாம்னு கேட்டேன். "ப்ளாக் பண்ணி ரிப்போர்ட்டும் பண்ணிட்டேன். சும்மா உனக்குத் தெரியட்டும்னுதான்." அம்மாகிட்ட சொல்லலாமா என்று கேட்டதற்கு, "நானே சொல்றேன், ஒரு வாரம் டைம் குடு" என்றாள்.

நேற்று ராத்திரி சொல்லிவிட்டாள். தங்கமணி கத்தினாள், என்னைப் பார்த்து.